கம்பளிக் கணக்கு

செக்ரோலில் என் பெயருக்கு நேராக
கம்பளி ஒன்று, பிடித்தம் மூன்று தவணை என்று இருக்கிறது.
இரண்டு தவணை போய்விட்டது.
போர்த்திக்கொண்டு நிற்பது குதிரை.

ஜாக்பாட் என்று பெயர். ஊட்டியில் ஓடித் தோற்றது.
சீட்டு எடுத்து வாங்கி வந்தார் சூசைமாணிக்கம்,
எனக்குத் தாலி கட்டியவர்.
அணைக்கட்டில் ஒரு சுற்றுக்கு நூறு,
ஏறி உட்கார்ந்து போட்டோ மட்டும் என்றால் ஐம்பது.

ஊர்ப் பெயரே மாட்டுப்பட்டி.
செவலை இங்கேயே கன்றாய் விழுந்தவள்,
நாலு பனிக்காலத்தை முதுகில் வாங்கியவள்.
தை மாத விடியலில் அவள் மேல்
உப்புத் தூவினாற்போல வெள்ளை படிந்திருக்கும்.
விரலை உள்ளே விட்டால் கொதிக்கும்.
வயிற்றுக்குள் ராவெல்லாம் வைக்கோல் வேகிற அடுப்பு.
ஆடுகள் நாலும் சாய்ந்து சாய்ந்து ஒரே ஆடாகிவிடும்;
மழைக்குத்தான் அலறும், பனிக்கு இல்லை.

"பாவம்டி, அது வெளியூர்ப் பிராணி."
"நான் பனியிலா பிறந்தேன்?
சங்கரன்கோவிலில் பிறந்தேன்" என்றேன்.
பதில் இல்லை. குறட்டை வந்தது.

செண்டுவரையில் மைனஸ் ஒன்று என்று
போனுக்குப் போன் பறந்த இரவு,
மூன்று மணிக்கு எழுந்து போய்
என் கம்பளியை உருவினேன்.
பனி குடித்து ஊறிக் கனத்திருந்தது,
ஆற்றில் அடித்துப் பிழியாத துணி மாதிரி.
அதற்கு அடியில் குதிரை
தோல் மேல் தோல் ஓட நடுங்கிக்கொண்டிருந்தது.
உருவியதும் நடுக்கம் கூடியதா குறைந்ததா
இருட்டில் தெரியவில்லை. பார்க்க நிற்கவும் இல்லை.
ஈரக் கம்பளியைக் கொடியில் போட்டுவிட்டு
அவருடையதில் பாதியை இழுத்துக்கொண்டேன்.

விடிந்தபோது லயத்துக்கு முன்னால் புல் முழுக்க வெள்ளை.
செவலை முதுகு வெள்ளை.
குதிரை கறுப்பாகவே நின்றது,
பின்தொடையில் மட்டும்
வெள்ளையாய் ஓர் இதயம்.

கிறிஸ்துமஸ் சீசனுக்கு முன்னால்
முடிவெட்டும் மெஷினை வாடகைக்கு எடுத்து
உடம்பு முழுக்க மழித்திருந்தார், படத்தில் பளபளக்க.
தேனிலவு ஜோடிகளுக்காக
ஒரு ஹார்ட்டின் அளவு முடியை விட்டு வைத்தார்.
அங்கே மட்டும் சூடு உள்ளே நின்றிருக்கிறது,
அங்கே மட்டும் பனி உருகாமல் உட்கார்ந்திருக்கிறது.
மற்ற இடமெல்லாம் ராத்திரி முழுக்க
குதிரை தன் சூட்டை மலைக்குக் கொடுத்திருக்கிறது.

செவலைக்குச் சினை பார்க்க வந்த டாக்டர் ஷைலஜா
அந்த இதயத்தைப் பார்த்துச் சிரித்தார்.
பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவினார்.
பிறகு சிரிக்கவில்லை.
"முடி நிறைய உண்டெங்கில் குதிரைக்கு ஒன்றும் வேண்டா சேச்சி.
பசு மாதிரிதான். தீனி போட்டா போதும்.
இதுக்கு வேணும். காய்ஞ்ச கம்பளி வேணும்."
எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன்.
"இனி முடி முளைக்கணும் இல்லே" என்றார்.

அதிலிருந்து ஒரு ஏற்பாடு.
பகலில் என் கம்பளி வெயிலில்.
இரவில் குதிரை மேல்,
அதற்கு மேல் நான் கொழுந்தெடுக்கக் கட்டும் பிளாஸ்டிக் படுதா.
எனக்கு அவருடைய கம்பளி, முழுதாக.
அவருக்கு இரண்டு சாக்கும் ஒரு ஜெர்கினும்.
வைக்கோல் விலை தெரியும் என்று முணுமுணுத்தார்,
இரண்டு கட்டு கூடுதலாக வாங்கி வந்தார்.

நேற்று ஒரு பெண், குல்லா, கையுறை, சிவந்த மூக்கு,
படியேறி வந்து கேட்டாள்:
குதிரைக்கு மட்டும் போர்த்தியிருக்கீங்களே,
மாடு பாவமில்லையா?

மாட்டை யாரும் படமெடுப்பதில்லை என்றேன்.
உடனே போனை எடுத்து
செவலையை ஒரு படம் எடுத்தாள்.
ஐம்பது ரூபாய் கேட்டேன்.